றெக்கை முதிரும் மருந்து

மருந்துக்கு வாசனை இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வருகிறது. மூக்கு எரிய வேண்டும், கண்ணில் தண்ணீர் வர வேண்டும், தரையெல்லாம் பூச்சிகள் மல்லாந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் 'நல்லா அடிச்சாங்க' என்பார்கள். என் வேலைக்காலத்தில் பாதி, வாசனையே இல்லாத ஒரு மருந்தோடு போயிற்று. அதை அடித்த அன்றைக்கு ஒரு கரப்பான்கூடச் சாகாது. அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என்னோடு கடைசிக் காலத்தில் வேலை பார்த்த ஸ்வேதா போன வாரம் போன் செய்தாள். கம்பெனியில் அந்த மருந்தை நிறுத்திவிட்டார்களாம். இப்போது எல்லாம் போனிலேயே புக் செய்கிறார்கள். நாம் படியிறங்குவதற்குள் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் ஒரு கரப்பான் கண்ணில் பட்டால் ஒற்றை நட்சத்திரம். மாதக்கணக்கில் பொறுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? "ஆன்ட்டி, நீங்கெல்லாம் எப்படி ஜனங்களைக் காத்திருக்க வெச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் வராது. எதிரில் இரண்டு பேர் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது என்பது போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இருக்கட்டும். அவள் அம்மா படித்துக் காட்டுவாள்.

நான் மேட்டூர்ப் பக்கம் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி ராமாபுரம் வந்தேன். அங்கிருந்து பிழைப்புக்கு மைசூர் வந்தோம். வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போனார். நான் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில் ஆம்பிளை ஆட்கள் சமையலறைக்குள் வருவது பலருக்குச் சங்கடமாக இருந்தது. கூட ஒரு பொம்பிளை இருந்தால் நல்லது என்று கம்பெனிக்குத் தோன்றியது. துடைப்பத்தை வைத்துவிட்டு வண்டியில் ஏறு என்றார்கள், ஏறிவிட்டேன். படிப்பு அவ்வளவுதான். பிரிட்ஜ் மோட்டாரின் சூட்டில், கதவுக் கீலின் இடுக்கில், சுவர்க் கடிகாரத்தின் முதுகில், கிரைண்டரின் காலடியில் கரப்பான் எப்படி ஒண்டும் என்பதை முழங்காலில் நகர்ந்து நகர்ந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த முழங்கால் இன்றைக்கு மாடிப்படி ஏற மாட்டேன் என்கிறது.

எனக்கு மேலே இருந்தவர் புட்டசாமி சார். மண்டியாப் பக்கத்துக்காரர். இப்போது ஓய்வு பெற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். தமிழ் அவருக்கு 'வாங்க, போங்க, சாப்பாடு ஆச்சா' என்ற அளவில்தான். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. எந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் செருப்பை மட்டுமல்ல, கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அலமாரிக் கதவைத் திறப்பதற்கு முன்னால் விரல் மடக்கி லேசாகத் தட்டுவார். உள்ளே யாரோ துணி மாற்றிக்கொண்டிருக்கிற மாதிரி. ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். "மாதம்மா, வீட்டுக்காரம்மா என்ன வைத்திருக்கிறார்களோ, எப்படி வைத்திருக்கிறார்களோ. நாம் திடீரென்று திறந்தால் அவர்களுக்கு வெட்கமாக இருக்கும். தட்டினால் ஒரு நிமிஷம் கிடைக்கும்" என்று கன்னடத்தில் சொன்னார். அப்புறம் பார்த்தேன். அவர் தட்டியதும் ஒவ்வொரு வீட்டம்மாவும் ஓடிவந்து எதையாவது எடுத்து ஒளித்துக்கொள்ளத்தான் செய்தாள்.

எங்களை மரியாதையாக நடத்திய வீடுகள் குறைவு. தெருவுக்குள் வண்டி நுழைந்தாலே சின்னப் பிள்ளைகள் "ஜிரளெயவ்ரு பந்த்ரு!" என்று கத்திக்கொண்டு ஓடும். ஜிரளெ என்றால் கன்னடத்தில் கரப்பான். கரப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நான் முந்தானையை இழுத்துத் தலையைக் குனிந்துகொள்வேன். புட்டசாமி சார் அந்தப் பிள்ளைகளுக்குக் கையாட்டுவார்.

இனி அந்த மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கரப்பான் குஞ்சுக்கு றெக்கை கிடையாது. தோலை உரித்து உரித்துத்தான் அது வளரும். கடைசித் தோலை உரிக்கும்போதுதான் றெக்கை வரும், இனம் பெருக்கும் வயதும் வரும். இந்த மருந்து அந்தக் கடைசித் தோலில் போய்க் கை வைக்கிறது. பூச்சி சாவதில்லை. பெரிதாகிறது, ஆனால் றெக்கை சுருங்கிக் கசங்கிப்போய் வருகிறது, ஈரத்துணியைப் பிழிந்து போட்ட மாதிரி. அப்படி வந்தது முட்டை வைக்காது. வைத்தாலும் பொரியாது. ஏற்கெனவே பெரிதாக இருப்பவை தம் ஆயுசு முடியும்வரை நடந்துகொண்டுதான் இருக்கும். அவற்றுக்கென்று ஜெல் தனியாக வைப்போம், கடுகளவு கடுகளவாக, அடுப்புச் சூடு படாத மூலைகளில். அதைத் தின்று கொஞ்சம் சாகும். மீதி கிழமாகிச் சாகும். பின்னால் வர ஒன்றும் இருக்காது.

வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. முதலில் பாத்திரம், மாவு, பருப்பு எல்லாம் வெளியே போகும். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிவிட்டுச் சற்று சும்மா நிற்க வேண்டும். பிறகு டார்ச் அடித்தால் எங்கே எவ்வளவு என்று தெரியும். அடைசலைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, காய்ந்த பிறகு மருந்தைத் தண்ணீரில் அளந்து ஊற்றி, தெளிப்பானின் மூக்கை ஊசிபோலச் சின்னதாக்கி இடுக்குக்குள் மட்டும் விட வேண்டும். சுவரில் பூசுகிற வேலை இல்லை. ஜெல் வைத்த இடத்தில் வேறு எந்த ஸ்ப்ரேயும் படக்கூடாது. பட்டால் கரப்பான் அதைத் தொடாது. ஸ்ப்ரே வாசனை பட்ட கரப்பான்கள் இருந்த இடத்தை விட்டுச் சிதறி ஓடும். இதை நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வோம். கேட்பவர்கள் குறைவு.

ஸ்வேதா கேட்ட கேள்விக்கு எனக்கு நினைவு வருவது மரகதம் மெஸ்தான்.

அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பாகத்தில் மரகதம் மெஸ் நடத்தினாள். ராமாபுரத்துக்காரி. புருஷன் இறந்துபோய்ச் சில வருஷமாகியிருந்தது. பிள்ளை இல்லை. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க்காரர்கள், பேக்டரி ஆட்கள், ரூம் எடுத்துத் தங்கிய சில பையன்கள் எல்லாம் அவளிடம்தான் சாப்பிட்டார்கள். அந்தச் சமையலறைதான் அவளுக்கு வீடு, கடை, எல்லாம். மாடியில் வீட்டு ஓனரும் அவர் மனைவியும். ஏதோ ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கீழே மெஸ்ஸில் கரப்பான் மண்டிக் கிடந்தது. "குழந்தை பிறந்த பிறகு ஒரு ஜிரளெ மேலே வந்தாலும் நீ காலி பண்ணவேண்டியதுதான்" என்று ஓனர் மரகதத்திடம் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருக்கிறாள், வாசனை வரும் மருந்து எதுவும் அடிக்கக்கூடாது.

அதனால்தான் எங்கள் மருந்து.

முதல் நாள் வாசலிலேயே மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏக்கா, நீங்க நம்ம பக்கங்களா? பேச்சுல தெரியுது. அப்பாடா. எனக்கு வாடகை பேசுற கன்னடம், தக்காளி வாங்குற கன்னடம் ரெண்டுதானுங்க தெரியும். பூச்சிக் கன்னடம் தெரியாது."

புட்டசாமி சார் அலமாரியைத் தட்டினார். மரகதம் சிரித்துவிட்டாள். "தட்டுனா 'உள்ளே வாங்க'ன்னு சொல்லுமாக்கா அதுங்க? எங்க வீட்டுல மரியாதை தெரிஞ்ச கரப்பான் ஒண்ணுகூட இல்லீங்க."

திறந்தோம். நான் நிறைய பார்த்தவள். எனக்கே உடம்பு கூசியது.

நாங்கள் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மாடியிலிருந்து ஓனரின் மனைவி இறங்கி வந்து, ஒரு டிபன் பாக்ஸைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். காலையில் மரகதம் அந்தப் பெண்ணுக்காகப் புளியோதரை கிளறிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மூடி திறக்காமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. அந்தம்மா தாழ்ந்த குரலில்தான் சொன்னார்: வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு உன் கையால் வேண்டாம், தப்பாக நினைக்காதே. தாழ்ந்த குரலானாலும் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. மரகதம் பாக்ஸை எடுத்து உள்ளே வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க அண்ணா, நல்லா இருக்கும்" என்று புட்டசாமி சாரிடம் நீட்டினாள். அவர் நின்றுகொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

வேலை முடிந்து நான் பின்பக்கக் குழாயில் தெளிப்பானைக் கழுவப் போனேன். அந்த நேரத்தில்தான் அவர் மரகதத்துக்கு மருந்தைப் பற்றி விளக்கியிருக்கிறார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது மரகதம் ஒரு மாதிரி முகத்தோடு நின்றிருந்தாள். புதிய மருந்து, பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாராவாரம் போனோம். மாடியில் ஆண் குழந்தை பிறந்தது. கீழே கரப்பான்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தன. சாப்பிட வந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். "மரகதக்கா, உன் சாம்பாருக்கு மீசை முளைச்சிருக்கு" என்று ஒரு கொத்தனார் கத்துவார். "உனக்குத்தான் முளைக்கல, அதுக்காச்சும் முளைக்கட்டும், தின்னுட்டு எந்திரி" என்பாள் அவள். ஆனால் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, முன்ன சின்னச் சின்னதா இருந்துச்சு. இப்ப பெருசு பெருசா, றெக்கையோட வருது. உங்க சாரு சொன்ன மாதிரியேதான் ஆகுது."

"அப்படியா? அப்போ மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன். எனக்குச் சந்தோஷம்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியக்காரியைப் பார்ப்பது போல. உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே ஓனரின் சத்தம் கேட்டது. மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கீழே மெஸ்ஸுக்குள் நுழைந்தால் மூக்கு எரிந்தது. மரகதம் கடையில் ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்து, ஒரு மூலை விடாமல் அடித்து முடித்திருந்தாள். கொஞ்சம் செத்துக் கிடந்தது. மீதியெல்லாம் பைப் வழியாக மேலே ஏறிவிட்டது. குழந்தையின் தூளித் துணியில் ஒன்று இருந்திருக்கிறது. மகள் அலறிய அலறலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"மாசக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிடு" என்று ஓனர் கன்னடத்தில் சொல்லிவிட்டு மேலே போனார்.

மரகதம் எங்கள் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கோபத்தை நான் அதுவரை அவளிடம் பார்த்ததில்லை.

"வந்துட்டீங்களா? வாங்க. நல்லா வளத்துக் குடுத்தீங்க. ஊருல ஆடு வளப்பாங்க, கோழி வளப்பாங்க. மருந்து போட்டுக் கரப்பான் வளக்கறவங்களை இங்கதான் பாக்கறேன்!"

"என்ன மரகதம் சொல்றே?"

"நான் சொல்லல, உங்க சாரு சொன்னாரு. மொத நாளே சொன்னாரு. றெக்கை முதிரும்னு! 'றெக்கெ முதுருத்தெ, அஷ்டே, பயபடபேடி'ன்னு. றெக்கை முதிர்ற மருந்து எனக்கு எதுக்குக்கா? முதிர்ந்தா பறக்கத்தானே செய்யும்? பறந்து மாடிக்குத்தானே போகும்? நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். நீங்க வேற, நல்லா வேலை செய்யுதுன்னு சிரிக்கறீங்க!"

அந்த வார்த்தையை மனசுக்குள் கன்னடத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. கன்னடத்தில் 'முதுரு' என்றால் கசங்கிச் சுருங்கிப்போவது. றெக்கை கசங்கிப்போகும், அவ்வளவுதான், பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் காதில் அது நம்முடைய 'முதிர்' என்று விழுந்திருக்கிறது. காய் முதிர்கிற மாதிரி, றெக்கை நன்றாக வளர்ந்து பலமாகும் என்று. ஒரே சத்தம், நேர் எதிரான அர்த்தம். இருபது வருஷம் மைசூரில் இருந்த எனக்கே அதற்கு முன்னால் அது தோன்றியதில்லை.

புட்டசாமி சாருக்கு நான் கன்னடத்தில் சொன்னேன். அவர் அப்படியே கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், எல்லா வீட்டிலும் 'மரி ஆகல்லா'ன்னுதானே சொல்வீங்க? குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்னு. இங்கே மட்டும் எதுக்கு றெக்கையைப் பத்திச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் மரகதத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்த டிபன் பாக்ஸ் திரும்பி வந்த நேரம், மாதம்மா. அப்போது இவர் முகத்தைப் பார்த்து, இதற்கெல்லாம் பிள்ளை பிறக்காது என்று நான் எப்படிச் சொல்வேன்?"

மரகதத்துக்குக் கன்னடம் முழுதாகப் புரியவில்லை. "என்னக்கா சொல்றாரு? குட்டி போடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே. மாடு கன்னு போடாது, கரப்பான் குட்டி போடாது. அதைச் சொல்ல என்னவாம்?" என்றாள். நான் அலமாரியில் அந்த டிபன் பாக்ஸ் இருந்த பக்கம் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாக அங்கே போயிற்று. அவளும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சிரித்தாள்.

"ஊரே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகுது. இவரு ஒருத்தரு எனக்காகப் பாத்துப் பேசியிருக்காரு. அவரு பாத்த நாசூக்குல என் கடை போச்சேக்கா!"

புட்டசாமி சார் எழுந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். மேலே கதவைத் தட்டிவிட்டு, திறந்த பிறகும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். தப்பு எங்களுடையது, விளக்கிச் சொல்லாததால் அந்தம்மா பயந்து ஸ்ப்ரே அடித்துவிட்டார், இன்னும் கொஞ்சக் காலம் கொடுங்கள் என்று கேட்டார்.

"என் பேரன் தூளியில் ஜிரளெ. உங்களுக்கு இன்னும் காலம் வேண்டுமா?" என்றார் ஓனர். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. தலையில் துணி சுற்றி, காதில் பஞ்சு வைத்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, இவங்களை அனுப்பிட்டா வேற ஆளைக் கூப்பிடுவீங்க. அவங்க வாசனை மருந்து அடிப்பாங்க. இன்னைக்குக் கீழே அடிச்சதுக்கே இவன் தும்மிக்கிட்டு இருக்கான். பச்சை உடம்போட நான் இவனைத் தூக்கிட்டு எங்கே போறது?"

ஓனர் யோசித்தார். மாசக் கடைசி என்றதை மாற்றிச் சொன்னார். மகள் புருஷன் வீட்டுக்குப் போகிற நாள் வரை பார்ப்பேன். அன்றைக்கு நானே கீழே வந்து பார்ப்பேன். கரப்பான் இருந்தால் அன்றே சாவி.

ஸ்வேதா, நீ கேட்டாயே, எப்படிக் காத்திருக்க வைத்தீர்கள் என்று. நாங்கள் யாரையும் காத்திருக்க வைக்கவில்லை. மாடியில் ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. வேறு வழி யாருக்கும் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலைதான். ஸ்ப்ரே பட்ட இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினோம். பழைய ஜெல்லைச் சுரண்டி எடுத்துப் புதிதாக வைத்தோம். மாடியில் பைப் வருகிற ஓட்டைகளை அடைத்தோம். மரகதம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பை இழுத்து, கிரைண்டரைச் சாய்த்து, அடியில் படுத்துத் துடைப்பாள். நாங்கள் போகிற நாட்களில் நானும் அவளோடு படுத்துத் துடைப்பேன். இருவர் இடுப்பும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். "நாம ரெண்டு பேரும் முதிர்ந்துட்டோம்க்கா" என்பாள். "எந்த பாஷையில?" என்பேன். "ரெண்டுலயும்தான்."

புட்டசாமி சார் அந்த வார்த்தையை அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் வலது கையை நீட்டி, விரல்களை மெதுவாகச் சுருட்டிக் காட்டுவார். றெக்கை இப்படி ஆகும் என்று அர்த்தம். கன்னடக்காரர் வீட்டிலும் அதே கைதான்.

மூலைகளில் ஒட்டு அட்டை வைத்துப் பார்ப்போம். முதலில் குஞ்சும் பெரிசுமாக ஒட்டியிருந்தது. பிறகு குஞ்சு குறைந்தது. பிறகு குஞ்சே இல்லை. றெக்கை கசங்கிய கிழங்கள் மட்டும் ஒன்றிரண்டு. அவை வேகமாக ஓடுவதும் இல்லை. விளக்கைப் போட்டால் சுவரோரமாக நடந்துபோகும், எங்கே போகிறோம் என்று யோசித்து யோசித்து நடக்கிற மாதிரி. பின்னால் ஒன்றும் வராத வீட்டில் நடக்கிற நடை அது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. வேலை நன்றாக நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ஆனாலும் பிடிக்காது. அந்த மாதங்களில் வீட்டுக்குப் போனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

மகள் கிளம்புகிற நாள் வந்தது. ஓனரின் மனைவியும் கூடப் போய் ஒரு மாதம் அங்கே இருந்து வருவதாக ஏற்பாடு. வாசலில் கார் நின்றது. மரகதம் விடியற்காலையிலிருந்து சமையலறையைத் தேய்த்து வைத்திருந்தாள். எங்களையும் வரச் சொல்லியிருந்தாள். அவள் வெளியே போய் வழியனுப்பவில்லை. காருக்கு எதிரே தான் வந்து நின்றால் யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று உள்ளேயே நின்றாள். கார் போன சத்தம் கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தம்.

ஓனர் உள்ளே வந்தார். அலமாரியைத் திறந்தார். ஸ்டவ்வுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். கிரைண்டரைச் சாய்க்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. மாவு டின்களை நகர்த்தினார். ஒன்றும் இல்லை.

அவர் திரும்பப் போகிற நேரத்தில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து ஒன்று வெளியே வந்தது.

பெரிசு. தரையின் நடுவே, அவர் செருப்புக்கு முன்னால், மெதுவாக நடந்து வந்தது. புட்டசாமி சார் அசையவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், பிறகு திறந்தேன். மரகதம் கையில் துடைப்பம் இருந்தது. அவள் அடிக்கவில்லை.

"இது?" என்றார் ஓனர்.

புட்டசாமி சார் கையை நீட்டினார். விரல்களைச் சுருட்டினார். ஓனர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு முழங்காலை ஊன்றி இன்னும் குனிந்தார். பூச்சியின் முதுகில் றெக்கை ஒரு பக்கமாகக் கசங்கி, சுருண்டு நின்றது.

"இதக்கெ மரி ஆகுத்தா?" என்று கேட்டார். இது குஞ்சு பொரிக்குமா என்று.

எல்லா வீட்டிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன புட்டசாமி சார், மரகதத்தின் எதிரில் அன்றும் சொல்லவில்லை. கை மட்டும் நீட்டியபடி இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே.

மரகதம் சொன்னாள். அவளுடைய தக்காளி வாங்குகிற கன்னடத்தில், நிதானமாக.

"இல்லா சார். மரி ஆகல்லா. நன் தரானே."

என்னைப் போலத்தான் என்று.

ஓனர் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தார், பூச்சியைப் பார்த்துக்கொண்டு. அது அவர் செருப்பைச் சுற்றிக்கொண்டு, சுவரோரம் போய், கிரைண்டருக்குப் பின்னால் மறைந்தது. அதற்குப் பிறகும் அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டினார். மேலே வீட்டில் சமைக்க அன்றைக்கு யாரும் இல்லை.

சாவி பற்றி அவர் பேசவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்து, "மத்தியான்னக்கெ ஏனு மாடிதீரி?" என்று கேட்டார். மத்தியானத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று. அதுவரை அவளை அவர் நீ என்று பேசித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

"புளிக்குழம்பு" என்றாள் மரகதம். கேட்டவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.